124 விநாடியும் 667 டாலரும்

பாக்சர்கள் சீரழிந்த கதைக்கு நம்மிடம் எப்போதும் ஒரே அச்சுதான். ஏழைப் பையன், திடீர்ப் பணம், ஆட்டம்பாட்டம், கடைசியில் கடன். மைக் டைசனை இதில் ஊற்றினால் ஓரளவுக்குப் பொருந்தும். ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) உலக சாம்பியனாக இருந்த ஜோ லூயிஸையும் அதே அச்சில் ஊற்றி எழுதுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

1914இல் அலபாமாவில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு டெட்ராய்ட் போனவர். அவருக்கு முன் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஒரே கருப்பர் ஜாக் ஜான்சன். ஜான்சன் மீது வெள்ளை அமெரிக்காவுக்கு இருந்த ஆத்திரம் அப்போதும் அடங்கவில்லை. அதனால் லூயிஸுக்கு அவருடைய மேனேஜர்கள் விதிகள் போட்டார்கள். விழுந்து கிடக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, வெள்ளைக்காரப் பெண்ணோடு போட்டோவுக்கு நிற்கக் கூடாது, இப்படி. ஜெயித்த சந்தோஷத்தைக்கூட முகத்தில் காட்டாமல் ஜெயிக்க வேண்டிய நிலை.

1936இல் ஜெர்மானியர் மேக்ஸ் ஷ்மெலிங்கிடம் 12ஆவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார். இடது கையால் குத்திய பிறகு லூயிஸ் அந்தக் கையைத் தாழ்த்துவதை ஷ்மெலிங் முன்பே கவனித்து வைத்திருந்தார். அந்த இடைவெளியில்தான் வலது கையை இறக்கினார். மறு வருடம் அப்போதைய சாம்பியன் பிராடாக்கை வீழ்த்தி லூயிஸ் உலக சாம்பியன் ஆகிவிட்டார், ஆனாலும் இந்தக் கணக்கு பாக்கி இருந்தது. 1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். 124 விநாடியில் கணக்கை முடித்தார், முதல் ரவுண்டே முடியவில்லை! (ஷ்மெலிங்கை ஹிட்லரின் ஆளாகவே உலகம் பார்த்தது. அவர் நாஜிக் கட்சியில் சேராதவர், அவருடைய மேனேஜர் ஒரு யூதர்.)

ஏறக்குறைய 12 ஆண்டுகள், தொடர்ந்து 25 முறை பட்டத்தைக் காத்தார். ஹெவிவெயிட்டில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

அப்புறம் போர் வந்தது. 1942 ஜனவரியில் படி பேர் (Buddy Baer) என்ற வீரருடன் மோதிக் கிடைத்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். கருப்பர்களுக்குச் சமையல், பரிமாறல் தவிர வேறு வேலை அநேகமாகத் தராத கடற்படை அது! மார்ச்சில் ஏப் சைமனுடன் மோதிய பணம் ராணுவ நிதிக்குப் போனது. லூயிஸும் சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்து, படைவீரர்களுக்காக ஊர் ஊராகக் கண்காட்சிப் போட்டிகள் ஆடினார்.

போர் முடிந்த பிறகு வருமான வரித்துறை கணக்கைப் பிரித்தது. தானமாகக் கொடுத்த தொகையையும் அவருடைய வருமானத்தில் சேர்த்து வரி போட்டது. வரி பாக்கி 5 லட்சம் டாலரைத் தாண்டியது, மேலே வட்டி வேறு. சரி, லூயிஸ் மேலும் தப்பு உண்டு. தாராளக் கைக்காரர், கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், கோல்ஃப் பந்தயத்தில் விட்டார், தொடங்கிய தொழில்களும் படுத்தன. மேனேஜர்கள் வருமானத்தில் பாதியை எடுத்துக்கொண்டதும் நடந்தது. ஆனால் நாட்டுக்குக் கொடுத்த காசுக்கும் வரி கேட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஓய்வு பெற்றவர் அந்தக் கடனுக்காகத்தான் மறுபடி மேடை ஏறினார். 1950இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். 1951இல், 37 வயதில், ராக்கி மார்சியானோவின் குத்தில் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். லூயிஸைப் பார்த்து வளர்ந்த மார்சியானோ, ஜெயித்தும் அன்று அழுதார். 1953இல் லூயிஸின் அம்மா இறந்தபோது மகனுக்கென விட்டுப்போன 667 டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது. அடுத்து மல்யுத்தக் காட்சிகள்கூட ஆடினார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் சூதாட்ட விடுதியில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்து வரவேற்கும் வேலை.

அந்த வேலையை ‘பரிதாபம்’ என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. உழைத்துச் சம்பாதித்த காசு அது.

1981இல் இறந்தார். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்ய விதிப்படி இடமில்லை, அதிபர் ரீகன் விதியைத் தளர்த்தினார். ஷ்மெலிங் அதற்குள் ஜெர்மனியில் கோகோ கோலா வியாபாரத்தில் பணக்காரராகி இருந்தார். லூயிஸ் கஷ்டப்பட்ட காலத்தில் உதவிய அவர்தான் இறுதிச் சடங்குச் செலவிலும் ஒரு பங்கைக் கொடுத்தார்.