புளியங்கொட்டையும் ப்ளூ நோட்டும்

போன மாதம் ஒரு வளைகாப்பு. பந்தியில் என் பெரியப்பா பையன் பக்கத்து இலைக்காரருக்கு என்னை அறிமுகப்படுத்தினான். "அண்ணன் ஜாஸ் கேப்பாரு, ரெக்கார்டு சேக்குறாரு, பெரிய ரசிகர். என்ன, ஞாயித்துக்கிழமை ஆனா சீட்டாடுவாரு, அது ஒண்ணுதான்…" என்று இழுத்தான். பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு அனுதாபம். சாம்பார் ஊற்றியவர்கூட ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அன்றைக்கு வாயில் வடை இருந்ததால் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் சூதாடிதான். ஆனால் சூது நடக்கிற இடம் சாப்பாட்டு மேஜை இல்லை, ஹாலில் இருக்கிற ரெக்கார்டு அலமாரி.

முதலில் சீட்டு. ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் உட்காருவோம். ஆட்டம் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும். முதலில் மூன்று, அது ஃப்ளாப். அப்புறம் ஒன்று, டர்ன். கடைசி ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் கட்டலாம், ஏற்றலாம், கவிழ்த்துவிட்டு எழுந்துபோய்க் காபி குடிக்கலாம். கட்டுவது புளியங்கொட்டை. ஆளுக்கு 200 கொட்டை, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்து எண்ணிக் கொடுப்போம். முதலில் காலியாகிறவர் அடுத்த வாரம் பஜ்ஜி வாங்கிவர வேண்டும். என் வாழ்நாளில் போக்கரில் நான் அடைந்த மொத்த நஷ்டம் ஏறக்குறைய நாற்பது பிளேட் பஜ்ஜி. அதிலும் பாதியை நானே தின்றிருக்கிறேன்.

இன்னொன்று, இதில் எனக்குக் கணக்குத் தெரியும். கையில் இரண்டு ஏஸ் வர 221 முறைக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. ஃப்ளாப் விழுந்ததும் நாலு ஹார்ட்டின் சேர்ந்திருந்தால், மீதி இரண்டு சீட்டுக்குள் ஐந்தாவது வர நூற்றுக்கு 35 வாய்ப்பு. வராமல் போனால் போனது. ஆனால் எதை நம்பிக் கொட்டையை நகர்த்தினேன் என்று எனக்குத் தெரியும்.

போனில் பணம் கட்டி ஆடுவது வேறு கதை, அதையும் இதையும் குழப்ப வேண்டாம். எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கி, சாவு வரை போன பிறகுதான் தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இரண்டை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. 2025-ல் மத்திய அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் மொத்தத்துக்கும் தடை போட்டுவிட்டது. திறமை ஆட்டம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், தடையையும் ஆதரிக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் தனியாகக் கிடந்து ஆடுகிறவனிடம், "போதும்டா, எந்திரி, வீட்டுக்குப் போ" என்று சொல்ல எதிரில் ஒரு முகம் இல்லையே.

சரி, அலமாரிக்கு வருவோம்.

மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனபோது நான் டவுசர் போட்ட பையன். அங்கே ரெக்கார்டு பொறுக்கிய தலைமுறை வேறு. எனக்கு வாய்த்தது அதற்குப் பிந்தைய பழைய சாமான் கடைகள். 2009 என்று நினைவு. ஒரு கடையில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்'. 1959-ல் வந்த தட்டு. நீல் ஃபுஜிட்டா வரைந்த அந்த அட்டையைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். நான் மறைத்தும் என் கண்ணில் தெரிந்த ஆசையைக் கடைக்காரர் பிடித்துவிட்டார். "இவரு மெட்ராஸ் வந்து வாசிச்சிருக்காரு சார், தெரியுமில்ல?" என்றார். அது உண்மை. 1958-ல் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் ப்ரூபெக் இந்தியா வந்தபோது மெட்ராஸிலும் வாசித்திருக்கிறார். கடைக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறதே என்ற பூரிப்பில் பேரம்கூடப் பேசாமல் 900 ரூபாய் கொடுத்தேன். தட்டை உருவிப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து உருவினால், உள்ளே முருகன் பாட்டு.

திரும்பப் போய்க் கேட்டேன். "கவரைத்தானே சார் பாத்து வாங்குனீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அம்மாவுக்குத்தான் கொண்டாட்டம். அதுவரை என் அலமாரிப் பக்கமே வராதவர், அன்றிலிருந்து ஒவ்வொரு கிருத்திகைக்கும் அந்த ஜாஸ் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

பிறகு வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் வாங்க ஆரம்பித்தேன். சூது அங்கேதான் முற்றியது. ரெக்கார்டுக்குத் தர வரிசை உண்டு. மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். இதில் 'குட்' என்று போட்டிருந்தால் அது குப்பை என்று அர்த்தம். 'வெரி குட்' என்றால் பாட்டோடு சேர்த்து மிளகாய் தாளிக்கிற சத்தமும் கேட்கும். இந்த முத்திரையைக் குத்துகிறவர் விற்கிறவரேதான். மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையே நற்சான்றிதழ் எழுதிக்கொடுக்கிற மாதிரி. போக்கரில் எதிராளி பொய் சொன்னால் அவன் காது சிவப்பது எனக்குத் தெரியும். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவர் காதை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

காது என்றதும் நினைவு வருகிறது. ப்ளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு கம்பெனியின் பழைய தட்டுகளைச் சேர்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற கேள்வியே "காது இருக்கா?" என்பதுதான். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும். விளக்கில் சாய்த்துப் பிடித்தால் அதில் கீறல் எழுத்துகள் தெரியும். ஆர்விஜி என்றிருந்தால் ரூடி வான் கெல்டர் தன் கையால் வெட்டிய மூலத்திலிருந்து வந்தது. பகலில் கண் பரிசோதனை செய்துகொண்டு, நியூ ஜெர்ஸியில் அப்பா அம்மா வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் பதிவு செய்துகொண்டிருந்த மனிதர். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் காது மடல் மாதிரி வளைந்த ஒரு சின்னக் குறி இருந்தால், அது பிளாஸ்டிலைட் என்ற ஆலையில் அழுத்திய தட்டு. 1960களின் நடுவில் கம்பெனி கைமாறியதும் அந்தக் குறி நின்றுபோனது. காது இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. லேபிளில் அச்சான தெரு முகவரியை வைத்துக்கூட விலை மாறும். ஜாதகத்தில் கட்டம் பார்ப்பது போலத்தான். பொண்ணு எப்படிப் பாடும் என்று யாரும் கேட்பதில்லை.

இதில் எனக்கு மிகப் பிடித்த கூத்து, ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. முதல் பக்கத்துப் பாட்டுகளை 1959 மார்ச் 2 அன்று பதிவு செய்தபோது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டாக்கியபோது சுருதி லேசாக ஏறிவிட்டது. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள், தங்கள் வாத்தியம்தான் சேரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். 1992-ல் வந்த மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். ஆக, உலகமே முட்டி மோதி வாங்குகிற அந்த முதல் பதிப்பில் ஒரு பக்கம் முழுக்க சுருதி தப்பு. மலிவான மறுபதிப்பில் சரி. இதை ஒரு சேகரிப்பாளரிடம் சொன்னேன். "அந்தத் தப்புதான் சார் ஒரிஜினல்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நானும் அப்படித்தான் இருந்தேன், டிசம்பர் 2015 வரை. அப்போது ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். அடையாறு வீட்டுக்குள் வந்த ராத்திரி அம்மாவையும் மகளையும் மாடிக்கு ஏற்றிவிட்டு இறங்கி வந்தால், அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் தண்ணீரில். நாலு நாள் கழித்து எடுத்தபோது அட்டைகள் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி, மாவு உருண்டை மாதிரி ஆகியிருந்தன. பிரித்தால் கையோடு வந்தது. ஒரு தட்டு எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் பஞ்சால் வட்டமாகத் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, மொட்டை மாடியில் நிழலில் நிறுத்தி வைத்தேன். வெயிலில் வைத்தால் அப்பளமாக வளைந்துவிடும். சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். சேறு போன பிறகு சத்தத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்படி 63 தட்டு. சந்தையில் அவற்றுக்கு இன்றைக்கு மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம், அட்டை இல்லையே. பிரவுன் பேப்பரில் நானே உறை ஒட்டி, சேலம் மாம்பழக் கூடையில் எழுதுகிற மாதிரி மார்க்கரால் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் அதிகம் சுற்றுவது அவைதான்.

அட்டை என்றதும் ஒன்று. ப்ளூ நோட் அட்டைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய நாட்டமே கிடையாது. மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர். கம்பெனி கொடுத்த தட்டுகளைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வாராம். புத்திசாலி.

சூதில்லாமல் ரெக்கார்டு வாங்க முடியும் என்று நான் தெரிந்துகொண்டது டோக்கியோவில். 2018-ல் ஆபீஸ் வேலையாகப் போனபோது என் செலவில் மனைவியையும் கூட்டிப்போனேன். அங்கே 'ஜாஸ் கிஸ்ஸா' என்று காபிக்கடைகள் உண்டு. ஒரு காலத்தில் வெளிநாட்டு எல்பி வாங்குவது சாதாரண ஜப்பானியருக்குக் கட்டுப்படியாகாது. கடைக்காரர் வாங்கி வைப்பார், மற்றவர்கள் ஒரு காபிக் காசுக்கு உட்கார்ந்து கேட்பார்கள். யோகோஹாமாவில் 'சிகுசா' என்ற கடையை 1933-லேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் போன கடை ஒரு கட்டடத்தின் நிலவறையில். நாற்காலிகள் எல்லாம் ஸ்பீக்கரைப் பார்த்து, கோயிலில் சன்னிதியைப் பார்க்கிற மாதிரி. பேசக் கூடாது. முதலாளி தட்டை மாற்றுவார், ஓடுகிற தட்டின் அட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தாங்கியில் நிறுத்துவார், மறுபடி போய் கிளாஸ் துடைப்பார். பத்து பேர் இருந்தார்கள், ஒருவர் முகத்திலும் அசைவில்லை. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி என் காதில், "ஏங்க, இங்க யாராவது தவறிட்டாங்களா?" என்றார். கொஞ்ச நேரத்தில் அவரே முழங்கையால் இடித்துக் காட்டினார். எதிரில் எழுபது வயசு பெரியவர், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார், மேஜைக்கு அடியில் மட்டும் இரண்டு விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. "ஒளிச்சு வெச்சு ரசிக்கிறாரு பாருங்க" என்றார். எங்கள் சபாவில் தொடையில் அடித்துப் பக்கத்து சீட்டையே ஆட்டுகிற மாமாக்களை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஷிஞ்சுகுவில் டிஸ்க் யூனியன். ஜாஸுக்கென்றே தனிக் கடை. ஒவ்வொரு தட்டின் மேலும் ஒட்டிய சீட்டில் குற்றம் குறை எல்லாம் எழுதியிருக்கிறது. எனக்கு எழுத்து புரியவில்லை, போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "இரண்டாம் பக்கம், முதல் பாட்டு, மெல்லிய கீறல், காதில் விழாது." போட்டுப் பார்த்தேன், விழவில்லை. நான் எடுத்தது ஒரிஜினல் இல்லை, 1970களின் கடைசியில் கிங் ரெக்கார்ட்ஸ் அங்கேயே அழுத்திய ப்ளூ நோட் மறுபதிப்புகள். காதும் இல்லை, ஆர்விஜியும் இல்லை. சத்தம் மட்டும் பளிங்கு. அட்டையோடு ஒரு எல்பி கால் கிலோ வரும். கைப்பையில் 7 கிலோதான் அனுமதி என்பதால் இருபதோடு நிறுத்தினேன். மனைவி கணக்குப் பார்த்து, என் பேன்ட் இரண்டைப் பெரிய பெட்டிக்கு மாற்றச் சொல்லி இன்னும் நாலு வாங்க வைத்தார். (இந்த உண்மையை அவர் மறுப்பார்.)

"ஜாஸே ஒரு சூதாட்டம்தானே, என்ன வாசிக்கப்போறோம்னே தெரியாம மேடையேறுவாங்களாமே" என்று சிலர் கேட்பார்கள். கல்பனா ஸ்வரம் பாடுகிறவர் சூதாடுகிறாரா? ராகமும் தாளமும் எடுப்பும் கையில் இருக்கிறது. ஜாஸ்காரர்களுக்கு 12 பாரோ 32 பாரோ (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி), அதற்குள் வரும் சுரக்கூட்டுகளின் வரிசையோ மனப்பாடம். அதற்குள்தான் விளையாட்டு.

ஆனால் ஜாஸுக்கும் சீட்டுக்கும் உறவு இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஊர்ப் பிள்ளைகள். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பிறந்து, மிஸிஸிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் ஏறி வடக்கே போனது போக்கர். நூறு வருஷம் கழித்து அதே ஆற்றில், படகு பேண்டில் கார்னெட் வாசித்துக்கொண்டு போனார் இளம் லூயி ஆம்ஸ்ட்ராங். ஜெல்லி ரோல் மார்ட்டன் பியானோவில் சம்பாதித்தது போக, சீட்டிலும் பில்லியர்ட்ஸிலும் சம்பாதித்து, முன்பல்லில் வைரம் பதித்துக்கொண்டு திரிந்தவர். ட்யூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் ஒரே பியானோவில் நாலு கையால் வாசித்த ஒரு துண்டுக்குப் பெயரே 'டாங்க்'. அது சீட்டாட்டத்தின் பெயர், நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட தம்பி.

போன ஞாயிறு எங்கள் செட்டில் ஒருவர் வரவில்லை. அம்மா காலை நீட்டி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர், "நான் வரட்டாடா?" என்றார். ரம்மியில் பழைய புலி. விதிகளைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப சேரவே வேண்டாம். சேர்ந்த மாதிரி உக்காந்திருந்தா போதும், அவ்வளவுதானே?" என்றார். போக்கரைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேரம். நடுவில் ஏஸ், ஒன்பது, நாலு. என் நண்பன் கையில் இரண்டு ராஜா. அம்மா தன் எதிரில் இருந்த கொட்டை மொத்தத்தையும் பல்லாங்குழி அள்ளுகிற லாவகத்தில் வழித்து நடுவில் தள்ளினார். முகத்தில் ஒன்றும் இல்லை, அந்த டோக்கியோ பெரியவர் தோற்றார். நண்பன் இரண்டு நிமிஷம் யோசித்தான், "அம்மாகிட்ட ஏஸ் இருக்கு மாப்ள" என்று கவிழ்த்தான். அம்மா தன் சீட்டைத் திருப்பிப் போட்டார். ஏழும் இரண்டும், வேறு வேறு ஜாதி. போக்கரில் அதைவிட மட்டமான கை கிடையாது.

"பஜ்ஜி வேண்டாம்ப்பா, எனக்கு எண்ணெய் ஆகாது. இட்லி வாங்கிட்டு வா" என்றார் நண்பனிடம். கொட்டைகளை எண்ணி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினார். அப்புறம் என்னைப் பார்த்து, "அந்தக் கட்டம் கட்டமா படம் போட்ட அட்டை இருக்கே, அதுல இருக்கிற என் முருகனைக் கொஞ்சம் போடு" என்றார்.