வானமே கடலான கேம்: ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியாவை ஏன் மறந்தோம்?

ஜப்பானிய ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாகவே மாறிக் கதைக்குள் போய் ஆடும் ரோல்-பிளேயிங் கேம்) பற்றிப் பேச்சு வந்தால் ஃபைனல் ஃபேன்டஸி, டிராகன் குவெஸ்ட், பெர்சோனா என்று மூன்று பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியாவின் பெயரை யாரும் எடுப்பதே இல்லை. எனக்கு அதில் ரொம்ப நாள் மனக்குறை. இப்போது நண்பர்கள் சிலர் சேர்ந்து அதை முதலிலிருந்து ஆடிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் ஆட, மற்றவர்கள் டிஸ்கார்டில் பார்த்துக்கொண்டே பேசுகிறோம். ஆட ஆட ஒன்று மட்டும் எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வருகிறது. புது இடத்தைத் தேடிப் போகும் ஆசையை இந்த அளவு மதித்த கேமை நான் ஆடியதில்லை.

கேமில் குறை இருந்ததால் இது மறக்கப்படவில்லை. வந்த நேரம் அப்படி. 2000 அக்டோபரில் ஜப்பானில் செகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் மெஷினுக்கு எடர்னல் ஆர்கேடியா என்ற பெயரில் வெளியானது. அதே ஆண்டு மார்ச்சிலேயே போட்டி மெஷினான பிளேஸ்டேஷன் 2 அங்கே கடைக்கு வந்துவிட்டது. ஜூலையில் ஃபைனல் ஃபேன்டஸி 9 வந்தது. நவம்பரில் இந்த கேம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அடுத்த ஜனவரியில் ட்ரீம்காஸ்ட் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக செகா அறிவித்தது. 2002 டிசம்பரில் லெஜண்ட்ஸ் என்ற பெயரில் நிண்டெண்டோவின் கேம்கியூபுக்கு ஒரு பதிப்பு வந்தது. பிளேஸ்டேஷன் 2க்கும் வரும் என்று சொல்லி, பிறகு கைவிட்டார்கள். அவ்வளவுதான். அப்புறம் எந்த மெஷினிலும் மறுவெளியீடு கிடையாது.

ஆடாதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த உலகில் கப்பல் ஓடுவதற்குக் கடல் இல்லை, வானம்தான். தீவுகள் மிதக்கின்றன, கப்பல்கள் பறக்கின்றன. ஆறு நிலாக்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நாகரிகம். மஞ்சள் நிலாவின் கீழே வலுவா பேரரசு. மேல்நகரத்தில் பணக்காரர்கள், கீழ்நகரத்தில் வறுமை. நாயகன் வைஸ் ஒரு வான்கொள்ளையன். ஆயுதம் தாங்கிய கப்பலைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். கூடவே வளர்ந்த தோழி ஐகா. வலுவா கப்பலிலிருந்து இவர்கள் காப்பாற்றும் ஃபினா. இந்த மூவரோடுதான் பயணம்.

வைஸைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து நாயகர்கள் பலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழைய காயத்தைச் சுமந்துகொண்டு திரிந்தார்கள். வைஸ் சிரிப்பான். ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொண்டாலும் அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் பார்ப்பான். பிறகு அதே தீவையே தன் தளமாக்கிக்கொள்வான். ஊர் ஊராகப் போய்க் கப்பலுக்கு ஆள் சேர்க்கச் சேர்க்க, அந்தத் தீவில் வீடும் கடையும் பேச்சுச் சத்தமும் கூடிக்கொண்டே வரும். அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

சரி, நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த கேமில் 'டிஸ்கவரி' என்று ஒரு ஏற்பாடு உண்டு. வானவெளியில் அங்கங்கே இடிபாடுகள், விசித்திர உயிரினங்கள், பழைய கல்லறைகள் ஒளிந்திருக்கும். மேப்பில் எந்தக் குறியும் இருக்காது. ஊருக்குள் யாராவது ஒரு பேச்சுவாக்கில் துப்பு கொடுப்பார்கள், அல்லது மாலுமிகள் சங்கத்தில் ஒரு வதந்தியைக் காசு கொடுத்து வாங்கலாம். பிறகு கப்பலை எடுத்துக்கொண்டு நாமே தேட வேண்டும். ஏதாவது பக்கத்தில் இருந்தால் திரையில் உள்ள திசைகாட்டி தாறுமாறாகச் சுழல ஆரம்பிக்கும். அவ்வளவுதான் உதவி. அங்கேயே வட்டமடித்து, ஏறி இறங்கி, பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். அகப்பட்டுவிட்டால் கேமரா அதைச் சுற்றிக் காட்டும், பெயர் வரும், சங்கத்தில் போய்ச் சொன்னால் பணம் கிடைக்கும். கதைக்கும் அதற்கும் பெரும்பாலும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேடாமலே கேமை முடித்துவிடலாம்.

போன வாரம் கூட அப்படித்தான். கதைப்படி போக வேண்டிய ஊர் கண்ணெதிரே இருக்கிறது. திசைகாட்டி சுழன்றது. உடனே ஹெட்செட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம்: "நிறுத்து, நிறுத்து, திருப்பு!" இன்றைய ஓபன் வேர்ல்ட் (இஷ்டம்போல் சுற்றித் திரியும்) கேம்களில் இது எனக்குக் கிடைப்பதில்லை. மேப்பைத் திறந்தால் நூறு புள்ளிகள். ஒவ்வொன்றாகப் போய் அழித்துவிட்டு வருகிறோம். இங்கே எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லாமல், இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, ஆடுபவரை நம்பி விட்டுவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வானமும் ஒரேயடியாகத் திறந்துவிடாது. ஓரிடத்தில் பாறைத் தடுப்பு, இன்னோரிடத்தில் சூறைக்காற்றுச் சுவர். கப்பல் பலப்படப் பலப்பட வழி கிடைக்கும். பிற்பகுதியில் மேகத்துக்கு மேலேயும் ஆழ்வானத்துக்குள்ளும் போக முடியும். பழகிய இடத்துக்கே திரும்பி வருவோம். அதற்கு மேலும் கீழும் இன்னொரு உலகம் இருக்கும்.

கதையில் என்னை அசைத்தவர் கேப்டன் ட்ராக்மா. ரக்நம் என்ற ராட்சதத் திமிங்கலத்திடம் மகனையும் ஒரு கையையும் பறிகொடுத்தவர். கப்பலுக்கு வைத்திருக்கும் பெயர் லிட்டில் ஜாக், மகனின் பெயர். முதலில் சிடுசிடுப்பான கிழவராகத்தான் தெரிவார். அந்தப் பெயரின் காரணம் தெரிந்த பிறகு அவர் பேசுவதெல்லாம் வேறு மாதிரி கேட்கும். அவர் கதை எங்கே போய் முடிகிறது என்று இங்கே சொல்லமாட்டேன்.

குறை இல்லையா? இருக்கிறது. ட்ரீம்காஸ்ட் பதிப்பில் நாலு அடி வைப்பதற்குள் சண்டை வந்துவிடும், வானத்தில் போகும்போதும் விடாது. எங்கள் குழுவில் ஒருவர் இதனாலேயே பாதியில் விட்டுவிடலாம் என்றார். அவர் எரிச்சல் நியாயமானது. லெஜண்ட்ஸில் இதைக் குறைத்தார்கள், புது டிஸ்கவரிகளும் எதிரிகளும் சேர்த்தார்கள். ஆனால் பாட்டின் ஒலித்தரம் இறங்கிவிட்டது. இந்த இசைக்கு அது சின்ன இழப்பு இல்லை. பெரிய சண்டைகளில் நாம் தோற்கும் நிலைக்குப் போனால் இசை பதறும், கை ஓங்கினால் அதே இசை நிமிர்ந்து நிற்கும். கப்பல் சண்டையில் எந்தச் சுற்றில் ஆபத்து, எந்தச் சுற்றில் வாய்ப்பு என்று முன்கூட்டியே கட்டம் போட்டு நிறத்தில் காட்டுவார்கள்; எப்போது பதுங்குவது, எப்போது பீரங்கியைத் திறப்பது என்று யோசித்துத்தான் ஆட வேண்டும். அந்த நேரத்தில் இசை மாறினால் உடம்பு சிலிர்க்கும்.

இதன் தயாரிப்பாளர் ரியேகோ கொடாமா. 1984இல் செகாவில் சேர்ந்தவர். செகாவின் ஆர்.பி.ஜி. வரிசையான ஃபேன்டஸி ஸ்டாரில் 1987இல் வந்த முதல் பாகத்துக்கு ஓவியம் வரைந்தார், 1993இல் நான்காம் பாகத்தை இயக்கினார். பெண்கள் மிகக் குறைவாக இருந்த துறையில் இவ்வளவும் செய்தவர். 2019இல் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருது விழாவில் முன்னோடி விருது கொடுத்தார்கள். 2022 மே மாதம் காலமானார். அந்தச் செய்தி ரசிகர்களுக்குத் தெரியவந்ததே அக்டோபரில்தான், செகாவின் பழைய மெஷினைச் சிறிதாக்கி வெளியிட்ட மெகா டிரைவ் மினி 2 கருவியின் பெயர்ப்பட்டியலில் இருந்த அஞ்சலி வரியைப் பார்த்து.

அவர் தந்த இப்படி ஒரு கேமைக் காசு கொடுத்து வாங்கி ஆட இன்று நேர்வழி இல்லை, பழைய டிஸ்க்கைத் தேடித்தான் வாங்க வேண்டும். செகா 2008இல் வந்த தன் இன்னொரு கேமான வால்கிரியா க்ரானிக்கிள்ஸில் வைஸ், ஐகா, ஃபினா மூவரையும் எட்டிப்பார்க்க வைத்தது, 2012இல் ஒரு சோனிக் பந்தய கேமில் வைஸைச் சேர்த்தது, அதோடு சரி. பிரம்மாண்ட ரீமேக் எல்லாம் நான் கேட்கவில்லை. ட்ரீம்காஸ்டின் ஒலி, லெஜண்ட்ஸின் உள்ளடக்கம், குறைந்த சண்டைகள். இந்த மூன்றையும் சேர்த்து இன்றைய மெஷின்களில் விட்டால் போதும், முதல் நாளே வாங்குவேன்.

நாங்கள் இப்போது கேமில் டார்க் ரிஃப்ட் என்ற ஆபத்தான வான்பகுதியைத் தாண்டி யாஃபுடோமா என்ற நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். ஆடியவர்கள் இருந்தால் கமெண்ட்டில் வாருங்கள், உங்களுக்குப் பிடித்த டிஸ்கவரி எது என்று சொல்லுங்கள். கதையில் வரும் ராமிரெஸ் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். குழுவில் சிலர் முதல்முறையாக ஆடுகிறார்கள், அவர்களும் இதைப் படிப்பார்கள்.