தரையில் விழும்வரை டிஸ்கைத் தொடாதீர்கள்

டிஸ்க் என்ற பறக்கும் தட்டை வீசிப் பிடித்து இரு அணிகள் ஆடும் அல்டிமேட் ஆட்டத்தில், களத்தின் ஓரத்தில் நிற்கும் மாற்று ஆட்டக்காரர்களே, கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க உங்களால் முடியாதா? டிஸ்க் கோட்டுக்கு மேலே வந்ததும் ஏன் எட்டிப் பிடிக்கிறீர்கள்? 'எப்படியும் வெளியேதானே போகப் போகிறது' என்று முடிவு செய்யும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

கோட்டைத் தாண்டிப் பறப்பதாலேயே டிஸ்க் வெளியே போனதாகிவிடாது. வெளித்தரையையோ, அந்தத் தரையில் நிற்கும் எதையாவதோ தொட்டால்தான் அது வெளியே. காற்றில் இருக்கும்வரை ஆட்டம் உயிரோடு இருக்கிறது. டிஸ்கைச் சாய்த்து வளைய விடுபவர், அது வெளியே சுற்றிவிட்டு உள்ளே திரும்பும் என்று நம்பித்தான் வீசுகிறார். டிஸ்க் வைத்திருக்கும் அணிக்காரர் கோட்டுக்குள்ளிருந்து எம்பி, அந்தரத்தில் அதைப் பிடித்து, கால் தரையைத் தொடுவதற்குள் உள்ளே திருப்பி வீசலாம். 'கிரேட்டஸ்ட்' என்று ஊரே கைதட்டும் ஆட்டம் அதுதான். தடுக்கும் அணிக்காரரோ வெளியே ஓடிவந்தும் பாயலாம். அவர் எங்கே நின்றாலும் களத்துக்குள் இருப்பவராகவே கொள்ளப்படுவார். இத்தனை சாத்தியங்களையும் ஒரு சோம்பேறிக் கை நீண்டு கொன்றுவிடுகிறது.

போன ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்ததும் இதுதான். புல்தரைக் களத்தின் அகலம் 37 மீட்டர். மணலில் அது 25 மீட்டர்தான், அதோடு கடல்காற்றும் உண்டு. டிஸ்க் கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்புவது அங்கே அன்றாடம் நடப்பது. எங்கள் ஆள் வீசியது வெளியே வளைந்து திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பெண் ஒருத்தி அதைத் துரத்தி, கோட்டருகே எம்பத் தயாராக இருந்தாள். எதிரணியின் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் சாவகாசமாகக் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நொடியே அவர்கள் அணி, 'வெளியே போய்விட்டது, டர்ன்ஓவர், எங்கள் டிஸ்க்' என்று எடுத்துக்கொண்டு நடந்தது!

கேட்டால் விதியைக் காட்டுகிறார்கள். களத்தில் ஆடாதவர்கள் எல்லோரும் வெளிப்பகுதியின் ஓர் அங்கம். அவர்மீது பட்டால் தரையில் பட்டது போலத்தான். உலகப் பறக்கும் தட்டு சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தில் அது இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆடாதவர்களோ பொருள்களோ எல்லைக் கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள் இருந்து ஆட்டத்தைத் தடுத்தால், தடுக்கப்பட்டவர் 'வயலேஷன்' (விதிமீறல்) சொல்லலாம் என்பதும் அதே புத்தகத்தில்தானே இருக்கிறது? அதை ஏன் வாசிப்பதில்லை? பெஞ்சில் இருப்பவன் தொட்டதால் பெஞ்சுக்காரன் அணிக்கே டிஸ்க் என்றால், நாளை முதல் ஒவ்வோர் அணியும் கோட்டோரம் நெட்டையான ஆட்களாகப் பார்த்து நிறுத்திவிடலாமே!

எங்கள் பெண் வயலேஷன் சொன்னாள். 'உனக்கு அது எட்டியிருக்காது' என்று பதில் வந்தது. சொன்னவர் யார்? களத்தில் ஆடியவர்கூட அல்ல, டிஸ்கைப் பிடித்த அதே ஆள்! கேப்டன் தவிர, ஆடாதவர்கள் தீர்ப்புச் சொல்வதைத் தவிர்க்க வேண்டும். ஆட்டக்காரர்கள் கேட்டால் மட்டும் கண்டதைச் சொல்லலாம். ஆட்டத்தைக் கெடுத்தவரே அதற்கு நீதிபதியாகவும் உட்காருவது என்ன நியாயம்? கடைசியில் உடன்பாடு ஏற்படவில்லை. டிஸ்க் வீசியவரிடமே திரும்பியது. அதற்குள் எல்லோருடைய உற்சாகமும் வடிந்துவிட்டது.

தொடக்க வீச்சில் நடப்பது இன்னும் மோசம். வீசுபவர் காற்றைக் கணித்து, டிஸ்க் வெளியே சுற்றி வந்து எதிரணியின் எல்லைப் பகுதியின், அதாவது களத்தின் கோடியில் புள்ளி எடுக்கும் இடத்தின், மூலையில் விழுமாறு அனுப்புகிறார். எவ்வளவு அழகான வீச்சு! வாங்கும் அணியின் மாற்று ஆட்டக்காரர் வழியிலேயே அதைப் பிடித்துவிட்டு, 'வெளியே பட்டுவிட்டது, பிரிக்' என்கிறார். மூலையில் திணறித் தொடங்க வேண்டியவர்கள், 'பிரிக்' என்ற குறியிலிருந்து, புல்தரைக் களமானால் எல்லைப் பகுதியின் முன்கோட்டிலிருந்து 18 மீட்டர் முன்னால், களத்தின் அகலத்துக்கு நட்டநடுவில் நிம்மதியாகத் தொடங்குகிறார்கள். களத்தில் ஆடுபவர் தொட்டுத் தவறவிட்டிருந்தால் டிஸ்கே பறிபோயிருக்கும். ஆடாதவர் தொட்டால் பரிசா? எழுத்துக்கு எழுத்து வாசித்து இதற்கு நியாயம் கற்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நடுவர் இல்லாத ஆட்டம் இது. யாரும் வேண்டுமென்று விதியை மீறமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் புத்தகமே தொடங்குகிறது. தெரியாமல் நேர்ந்த மீறலுக்குக் கடும் தண்டனை கிடையாது. மீறல் நடந்திராவிட்டால் என்ன நடந்திருக்குமோ, அதை ஒட்டி ஆட்டத்தைத் தொடர வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்திருக்கும்போது 'எங்கள் ஆள் தொட்டதால் எங்களுக்கு லாபம்' என்ற பேச்சுக்கு எங்கே இடம்? டிஸ்க் எங்கே விழுந்திருக்கும் என்று இரு தரப்பும் பார்த்திருக்கிறீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள். தொட்டவரின் கேப்டனே முன்வந்து அதைச் சொல்ல வேண்டும், நாங்கள் வந்து கெஞ்சும்வரை காத்திருக்கக் கூடாது.

உதவ வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? அதற்கும் வழி இருக்கிறது. டிஸ்க் வெளியே விழுந்து, ஆட்டம் தொடர வேண்டிய இடத்திலிருந்து 2 மீட்டருக்கு மேல் தள்ளிக் கிடந்தால், ஆடாதவர்கள் எடுத்துவர வீசுபவர் அனுமதிக்க வேண்டும். அப்போது ஓடுங்களேன்! பறக்கும் டிஸ்கைத் தாவிப் பிடிக்கும் இதே ஆட்கள், அது அலையோரம் உருண்டு போகும்போது மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். அந்தப் பாட்டிலையும் பையையும் கோட்டை ஒட்டியே குவித்திருப்பார்கள். முதலில் அவற்றைத் தூக்கிக்கொண்டு 3 மீட்டர் பின்னால் போங்கள்.