ஆட்டுக்குட்டிக்கு ஓ-எல், சூதாட்டத்துக்கு எல்-ஈ

(குடியிருப்பில் நடந்த குழந்தைகள் விழா பற்றிப் பெரியப்பா ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கை, கயலின் கையில்.)

கயல்: பெரியப்பா, இதை இன்னும் யாருக்கும் அனுப்பலையே?

பெரியப்பா: இல்லம்மா. ஏன், இங்கிலீஷ் தூக்கலா இருக்கா?

கயல்: போலீஸ் வந்து தூக்குற அளவுக்கு இருக்கு. முப்பது குழந்தைங்களும் புல்தரையில சூதாடினாங்களாம்!

பெரியப்பா: சூதா? துள்ளி விளையாடினாங்கன்னுல்ல எழுதினேன். கேம்பல்!

கயல்: காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எழுத்துலதான் வம்பு. எல்-ஈன்னு முடிஞ்சா சூது, ஓ-எல்னு முடிஞ்சா துள்ளல். இத்தாலியன்ல 'காம்பா'ன்னா கால். ஆட்டுக்குட்டி காலைத் தூக்கிக் குதிக்குமே, அதான் கேம்பல். இறந்தகாலத்துல பிரிட்டன்காரங்க ரெண்டு எல் போடுவாங்க.

பெரியப்பா: சூதாட்டத்துக்கு?

கயல்: ஒரு எல்தான். சூதுல மிஞ்சுறதே அவ்வளவுதானே.

பெரியப்பா: வம்பே வேணாம், ஃப்ராலிக்னு மாத்திடறேன். ஈ-டி சேர்த்தா முடிஞ்சுது.

கயல்: முடியாது. சி-க்குப் பின்னாடி ஈ வந்தா படிக்கிறவங்க 'ஃப்ராலிஸ்ட்'னு படிப்பாங்க. நடுவுல ஒரு கே போட்டாத்தான் 'க' நிக்கும். பிக்னிக், பேனிக், மிமிக் எல்லாத்துக்கும் இதே வைத்தியம். ஐ-என்-ஜி சேர்த்தாலும் கே வேணும். ஆனா ஃப்ராலிக்சம்னு எழுதும்போது வேணாம். அங்க பின்னாடி வர்றது எஸ்.

பெரியப்பா: விளையாட்டுக்கு எழுதுற சொல்லுக்கு இவ்வளவு வினையா! சரி, ரெண்டாவது பத்தி ஜோர்தானே? பெரியவங்க மொட்டைமாடியில கரவுஸ் பண்ணினோம்னு போட்டிருக்கேன். அகராதியில கும்மாளம்னுதான் இருக்கு.

கயல்: அகராதி எல்லாத்துக்கும் கும்மாளம்னுதான் சொல்லும். கும்மாளத்துல கால் ஆடுதா, வாய் ஆடுதா, கிளாஸ் ஆடுதான்னு நாமதான் பார்க்கணும். ஜெர்மன்ல 'கார் அவுஸ்'னா மிச்சம் வைக்காம முழுசா. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சுத் தீர்க்கிறதுல இருந்து வந்ததுதான் கரவுஸ்.

பெரியப்பா: ஐயையோ! நாங்க வெறும் தண்ணிதாம்மா அடிச்சோம்!

கயல்: அதை வெளியில சொல்லாதீங்க, தமிழ்லயும் மாட்டிக்குவீங்க.

பெரியப்பா: அப்போ ரெவெல்ரி?

கயல்: அதுல குடி கட்டாயமில்ல, சத்தம் உண்டு. ரெவெலும் ரெபெலும் ஒரே லத்தீன் வேர்ல பிறந்த அண்ணன் தம்பி. ஒண்ணு கொண்டாட்டம், இன்னொண்ணு கலகம்.

பெரியப்பா: எங்க பாட்டுக் கச்சேரிக்கு ரெண்டுமே பொருந்தும். அதையே போடு.

கயல்: கடைசி வரியில விழா ஃபன்னியா இருந்துச்சுன்னு முடிச்சிருக்கீங்க. அதுக்குச் சிரிப்பா இருந்துச்சு, இல்லைன்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். சந்தோஷமா இருந்துச்சுன்னா வெறும் ஃபன்.

பெரியப்பா: ஒய்யை வெட்டிட்டேன்.

கயல்: ஒய்யை மட்டும் வெட்டினா 'ஃபன்ன்'னு இழுக்கும். ஒரு என்னையும் சேர்த்து வெட்டுங்க. அப்புறம், நம்ம பொருளாளர் ஏதோ கேப்பர்ல இறங்கினார்னு இருக்கே?

பெரியப்பா: மேடையில ஒரு துள்ளு துள்ளினாரே, அது.

கயல்: அந்தத் துள்ளலுக்குப் பின்னாடியும் ஆடுதான்னு சொல்றாங்க. ஆனா அந்த அர்த்தம் வரணும்னா 'கட்'டுங்கிற வினையோட எழுதணும். நீங்க எழுதியிருக்கிற மாதிரி எழுதினா, திட்டம் போட்டுப் பணத்தைச் சுருட்டுற வேலைன்னும் படிக்கலாம்.

பெரியப்பா: (அறிக்கையை மெல்ல வாங்கிக்கொண்டு) இன்னும் கணக்கு வரலம்மா. அந்த வரி அப்படியே இருக்கட்டும்.