சிரக்யூஸ் என்ற ஊரையும் கொஞ்சம் சொல்லுங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் வரலாறு என்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் ஜோர்டானில் தொடங்குவார்கள். கொஞ்சம் பின்னால் போகிறவர்கள் மேஜிக், பேர்ட் என்பார்கள். இன்னும் போனால் பில் ரஸ்ஸலின் பாஸ்டன். அதற்கும் முன்னால் 1954-55 சீசன் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டு இந்த லீக்கின் கதையைச் சொல்லவே கூடாது என்று நினைக்கிறேன். அந்த வருடம் கோப்பையை வென்ற அணி சிரக்யூஸ் நேஷனல்ஸ். நியூயார்க் மாநிலத்தின் நடுவே பனி கொட்டும் ஊர், மக்கள்தொகை அன்று 2 லட்சத்துச் சொச்சம்.

அன்றைய ஆட்டம் எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1950 நவம்பர் 22, மினியாபோலிஸ். உள்ளூர் லேக்கர்ஸில் ஜார்ஜ் மைக்கன் என்ற மலை நிற்கிறார். அவரை நேருக்கு நேர் எதிர்க்க முடியாது என்று எதிரணியான ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டது. அவ்வளவுதான், ஆட்டம் உறைந்துபோனது. முடிவு 19-18, ஃபோர்ட் வேன் வெற்றி. கடைசி கால்பகுதியில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது 4 புள்ளி! டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவன் என்ன செய்வான்? கூச்சல்தான் போட்டான்.

இதில் விதிமீறல் எதுவும் இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தக்கவைக்கும், பின்தங்கிய அணி வேறு வழியில்லாமல் ஃபவுல் செய்யும், பிறகு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்கு ஈடாகத் தடையில்லாமல் எறியும் வாய்ப்பு), மறுபடி ஃபவுல். 1953 பிளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்று) பாஸ்டனும் சிரக்யூஸும் ஒரே ஆட்டத்தில் நான்கு ஓவர்டைம் (கூடுதல் நேரம்) ஆடின. அதில் பாஸ்டனின் பாப் கௌசி எடுத்த 50 புள்ளிகளில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. நான் பள்ளியில் ஆடியபோது எங்கள் மைதானத்திலும் ஷாட் கிளாக் (இத்தனை வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்று எண்ணும் கடிகாரம்) கிடையாது. கடைசி ஐந்து நிமிடத்தில் நாலு புள்ளி முன்னால் இருந்தால் பந்தை ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டுவோம். எதிரணிப் பையன்களின் முகம் இன்றும் நினைவிருக்கிறது. அதனால் இந்த விஷயம் எனக்கு வெறும் வரலாறு இல்லை.

சரி, இதற்கு மருந்து கண்டுபிடித்தது யார்? சிரக்யூஸ் அணியின் முதலாளி டேனி பயஸோன். இத்தாலியிலிருந்து சிறுவயதில் வந்தவர், பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டு) கூடம் நடத்திப் பிழைத்தவர். அவருடைய கணக்கு ரொம்ப எளிமையானது. நல்ல விறுவிறுப்பான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. வகுத்தால் 24. அத்தனை வினாடிக்குள் எறிந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. 1954 ஆகஸ்டில் சிரக்யூஸிலேயே ஒரு பள்ளி ஜிம்மில் ஆட்டக்காரர்களை வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள்.

இந்தக் கணக்கில் அணியின் பொது மேலாளர் லியோ ஃபெரிஸுக்கும் பெரிய பங்கு உண்டு. பயஸோனின் பெயர் நிலைத்துவிட்டது, ஃபெரிஸ் பெயர் தேடிப் படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. இனி இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அதே சீசனில் ஒவ்வொரு கால்பகுதிக்கும் அணி ஃபவுலுக்கு ஒரு வரம்பும் வைத்தார்கள். அது இல்லாமல் கடிகாரம் மட்டும் வந்திருந்தால் இவ்வளவு பலன் கிடைத்திருக்காது. முந்தைய சீசனில் ஓர் அணியின் சராசரி ஆட்டத்துக்கு 79.5 புள்ளி. இந்த சீசனில் 93.1. ஒரே வருடத்தில்! ஆனாலும் லீக்கின் நிலைமை அப்போதும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. பால்டிமோர் அணி சீசன் பாதியிலேயே கலைந்தது, மிஞ்சியவை எட்டு.

சிரக்யூஸுக்கு ஆல் செர்வி பயிற்சியாளர், டால்ஃப் ஷேய்ஸ் நட்சத்திரம். ஆனால் என் மனதுக்கு நெருக்கமானவர் ஏர்ல் லாயிட். 1950 அக்டோபர் 31 அன்று வாஷிங்டனுக்காக இறங்கி, என்பிஏ ஆட்டம் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனவர். அணித் தோழர்கள் சாப்பிடும் இடத்தில் தான் உட்கார முடியாத ஊர்களுக்கெல்லாம் போய், எதிரணியின் பெரிய ஆட்களைத் தடுக்கும் முரட்டு வேலையைச் செய்தார். அந்த சீசனில் சராசரியாக 10 புள்ளி எடுத்தார். அவரும் ஜிம் டக்கரும்தான் சாம்பியன் அணியில் இருந்த முதல் கறுப்பின வீரர்கள்.

இறுதிப் போட்டியில் எதிரே வந்தது யார் தெரியுமா? அதே ஃபோர்ட் வேன், அந்த 19-18 அணி. அவர்களுடைய சொந்த அரங்கை ஒரு பௌலிங் போட்டிக்கு விட்டுவிட்டதால், தங்கள் ஆட்டங்களை இண்டியானாபோலிஸில் ஆட வேண்டியதாயிற்று. ஏழு ஆட்டத்தில் நான்கை வெல்பவருக்குக் கோப்பை. முதல் இரண்டை சிரக்யூஸ் வென்றது, அடுத்த மூன்றை ஃபோர்ட் வேன். ஆறாவது சிரக்யூஸுக்கு. ஏழாவது ஏப்ரல் 10 அன்று, சிரக்யூஸில். ஒரு கட்டத்தில் உள்ளூர் அணி 17 புள்ளி பின்தங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பழைய விதியாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பந்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கரைப்பதில் ஃபோர்ட் வேனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது 24 வினாடிக்கு ஒருமுறை எறிந்தே ஆக வேண்டும். சிரக்யூஸ் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. சில வினாடிகளே இருக்கும்போது 91-91. சிரக்யூஸின் ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டார். அடுத்த நொடிகளில் ஃபோர்ட் வேனின் ஆண்டி ஃபிலிப் கையிலிருந்து பந்தையும் பறித்தார். 92-91. தங்கள் ஊர்க்காரர் கொண்டுவந்த விதியால் சிரக்யூஸ் ஜெயித்தது என்று சிலர் குறைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த விதி அன்று இரண்டு அணிக்கும் பொது. 17 புள்ளியைத் துரத்திப் பிடித்தது கடிகாரம் இல்லை, ஆட்கள்.

எட்டு வருடத்தில் அந்த ஊரிடமிருந்து அணியே போய்விட்டது. சின்ன ஊரின் வருமானம் கட்டுப்படியாகவில்லை, 1963-ல் விற்கப்பட்டு ஃபிலடெல்ஃபியா 76ers ஆனது. பயஸோன் 1992-ல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமில் (கூடைப்பந்துச் சாதனையாளர்களின் கௌரவப் பட்டியல்) அவர் பெயரைச் சேர்த்தது 2000-ல். அதே வருடம்தான் சர்வதேச ஆட்டத்திலும் 30 வினாடியைக் குறைத்து 24 ஆக்கினார்கள். சிரக்யூஸ் நகரின் நடுவில், ஆர்மரி சதுக்கத்தில், ஒரு ஷாட் கிளாக்கை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அது 24-லிருந்து கீழே எண்ணிக்கொண்டே இருக்கிறது.