சிரசு மட்டும் போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் நண்பன் வீட்டு மாடியில் ஒரு ஆயில் பெயின்டிங் பார்த்தேன். அதிலிருந்து மனசு இன்னும் வெளியே வரவில்லை.

நண்பனுக்குச் சொந்த ஊர் குடியாத்தம். தன் அம்மாவையே ரேணுகாதேவியாக வரைந்திருக்கிறான். கழுத்துக்கு மேலே மட்டும். பின்னால் கும்மிருட்டு, ஒரு பக்கமிருந்து வெளிச்சம். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் பாணி. தாவீது வெட்டிய கோலியாத்தின் தலையை வரைந்தபோது அதற்கு அவர் தன் முகத்தையே கொடுத்தார் என்பார்கள். இவன் பெற்றவளின் முகத்தைக் கொடுத்திருக்கிறான். வெற்றிலை மென்றுகொண்டிருந்தவரை யாரோ கூப்பிட்ட மாதிரி வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

தோலுக்காக அவனைக் கட்டிப்பிடிக்கலாம். ரவிவர்மாவின் தேவிகளில் தொடங்கி இன்றைய காலண்டர் வரை அம்மன் என்றால் சிவப்புத் தோல்தான். இந்த அம்மா நல்ல கறுப்பு. "கறுப்பை அப்படியே பூசினா மூஞ்சி செத்துடும்ணா" என்றான். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பில் அல்ட்ராமரின் நீலம் கலந்து அடிப்பூச்சு, அது காய்ந்தபின் எண்ணெய் கூட்டி மெல்லிய பூச்சுகள். கன்னத்து மேட்டில் மட்டும் ஒரு நீலம் மினுங்குகிறது, வெயிலில் நின்றுவிட்டு வந்தவர் போல.

என் சண்டை கழுத்தில்தான்.

வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் நெரிசல்பட்டவர்களுக்குத் தெரியும். ரேணுகாவின் தலை ஊர்வலமாக வரும், கோயிலில் உடலோடு பொருத்திய பிறகுதான் கண் திறப்பு. அந்த உடல் ரேணுகாவுடையது இல்லை. கணவர் ஜமதக்னி சொல்லி மகன் பரசுராமன் வெட்ட வந்தபோது அவளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் போய், தானும் வெட்டுப்பட்ட ஒருத்தியுடையது. மறுபடி உயிர் கொடுத்தபோது ரேணுகாவின் தலை இவள் உடலில் பொருந்திவிட்டது என்பது கதை. ஊருக்கு வெளியே வாழ்ந்தவள். பேப்பரில் இன்றும் 'சண்டாளச்சி உடல்' என்றுதான் போடுகிறார்கள், அவளுக்கென்று ஒரு பெயர்கூடப் போடுவதில்லை. அவளைப் படத்தின் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு ரேணுகா என்று பெயர் வைத்தால் எப்படி?

இந்த அம்மா முப்பது வருஷம் பீடி சுற்றியவர் வேறு. இலைக்குள் தூளைப் பரப்பி, உருட்டி, நகத்தால் முனையை மடக்கி நூல் சுற்றிய விரல்கள். படத்தில் அவையும் இல்லை.

"போர்ட்ரெய்ட்னா முகம்தானேண்ணா" என்றான்.

மோனாலிசாவுக்குக் கை இருக்கிறதே என்றேன். பதில் சொல்லாமல் பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

டீயோடு வந்த அம்மா படத்தை ஒரு பார்வை பார்த்தார். "நீயே கேளு தம்பி. புதுப்பொடவை கட்டிகினு நாலு நாளு குந்தினேன். அதுல ஒரு நூலக்கூட காணோம்."