கஷ்டமான கேம் வேறு, கையைக் கட்டிப்போடும் கேம் வேறு

"ஈசி மோட் வைத்தால் கேமோட உயிரே போயிடும்" என்ற வாக்குவாதம் நம் தமிழ் கேமர்கள் கூடும் இடமெல்லாம் வருகிறது. 2019இல் செகிரோ என்ற வாள்சண்டை கேம் வந்தபோது சூடுபிடித்த பேச்சு, இன்னும் ஓயவில்லை. அந்த கேமில் கடினத்தைக் குறைக்கும் வசதி, அதாவது ஈசி மோட், கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. வாளோடு வாள் மோதும் அந்த நொடியைப் பிடிக்கப் பழகுவதுதான் கேமே. அந்தப் பதற்றத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அது படைத்தவரின் உரிமை.

ஆனால் என் அண்ணனுக்கு நடப்பது வேறு. மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு அவருடைய வலது கட்டைவிரல் சரியாக மடங்காது. புதிர்களை என்னைவிட வேகமாக அவிழ்ப்பார். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று எனக்கே சொல்லித் தருவார். கதவைத் திறக்க ஒரே பட்டனைப் படபடவென்று அடிக்கச் சொல்லும் இடம் வந்தால் மட்டும் கண்ட்ரோலரை என்னிடம் நீட்டி, "நீ அடிடா" என்பார். அந்தக் கதவில் என்ன கலை இருக்கிறது, சொல்லுங்கள்? 2020இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2இல், பட்டனை அழுத்திப் பிடித்தாலே போதும் என்று மாற்றிக்கொள்ளலாம். இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகள் அதில் உண்டு. கதையின் கனம் துளியாவது குறைந்ததா? அண்ணன் கடைசிவரை தானே ஆடி முடித்தார்.

சரி, கஷ்டத்தையே குறைக்க வேண்டி வந்தால்? ஹேடிஸ் என்ற கேம் காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் காட் மோட் என்ற உதவி வசதியைப் போட்டால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம், 80 வரை. செத்துச் செத்துத் திரும்பி வருவதுதான் அதன் கதை. உதவியும் அந்தச் சாவு வழியாகவே வருகிறது. தன் படைப்பை முழுசாகப் புரிந்துகொண்டவர்களால்தான் இப்படி யோசிக்க முடியும்.

நம் கோலாலம்பூரிலும் கேம் உருவாக்குகிறார்கள். நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ் இங்கே பிறந்ததுதான். அவர்களுக்கும், இனி இந்தத் துறைக்கு வரப்போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்தின் அளவு, பட்டன் மாற்றும் வசதி, ஒலிக் குறிப்பு எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே யோசியுங்கள், கடைசியில் ஒட்டவைக்காதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேமில் எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதை ஒலியை வைத்தே தெரிந்துகொள்ளலாம். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. வெளியிடும் முன் அங்கே போய், ஆடிப் பார்க்க விருப்பமுள்ளவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். அவர்களுடைய நேரத்துக்குக் காசும் கொடுங்கள்.